சுவரைப் படம் எடுங்கள், கலரைத் தொலைக்காதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. போனில் இருக்கும் படங்களையெல்லாம் கேபிள் போட்டு ஹார்ட் டிஸ்க்கில் கொட்டிவிட்டு, ஒரு பட எடிட்டரைத் திறந்து, அதில் உள்ள பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்போம். அப்படி அழுத்தும்போது "பிளாக் அண்ட் ஒயிட்" என்று ஒன்று அகப்படும். அதை அழுத்தியவுடன் சாதாரணப் படம் கூட ஏதோ பழைய சினிமா ஸ்டில் மாதிரி ஆகிவிடும். சந்தோஷத்தில் உடனே சேவ் செய்துவிடுவோம்.

அந்த சேவ் பற்றித்தான் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கருத்து என்பதைவிட ஒரு மனக்குறை என்றே சொல்லலாம். அதைச் சொல்வதற்கு முன் சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நான் படம் எடுப்பது பெரும்பாலும் சுவர்களைத்தான். பெயின்ட் உரிந்த சுவர், போஸ்டர் ஒட்டிக் கிழித்து மறுபடி ஒட்டிய சுவர், மழைநீர் வழிந்து கறுத்த மாடிச் சுவர், துருப்பிடித்த கடை ஷட்டர். கேமராவைச் சுவருக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்தால், "என்ன சார், கார்ப்பரேஷனிலிருந்து வந்திருக்கீங்களா? இடிக்கப் போறீங்களா?" என்று யாராவது கேட்காமல் போவதில்லை. அழகான மலை, அருவி எல்லாம் இருக்கும்போது எதற்கு இந்த அழுக்குச் சுவர் என்று வீட்டிலும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு முன்னால் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர் ஒருவரைச் சொல்கிறேன்.

ஆரோன் சிஸ்கிண்ட் என்று ஒரு அமெரிக்கர். 1903-ல் நியூயார்க்கில் பிறந்தவர், அங்கேயே பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்தவர். கல்யாணப் பரிசாகக் கிடைத்த கேமராவில்தான் படம் எடுக்கத் தொடங்கினார். 1930களில் "போட்டோ லீக்" என்ற அமைப்பில் சேர்ந்து, நியூயார்க்கின் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் வாழ்க்கையை நண்பர்களோடு சேர்ந்து படமாக்கினார். ஏழ்மை, தெரு, வீடு, மனிதர்கள் என்று ஆவணப் படங்கள் எடுத்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் 1940களில் மெல்ல மனிதர்களை விட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பினார். 1944 கோடைக்காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் என்ற மீன்பிடி ஊரில், கிழிந்த கையுறை, கயிற்றுத் துண்டு, உரிந்த பலகை என்று கேட்பாரற்றுக் கிடந்த பொருள்களை எடுத்தார். அடுத்த வருடம் "பொருள்களின் நாடகம்" என்ற பொருள் தரும் தலைப்பில் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்தது, பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் படிக்கும் ஒரு மாதப் பத்திரிகையில். எனக்கு இது பிடித்த விஷயம். நம்மைப் போன்றவர்கள் படிக்கிற பத்திரிகை என்று அவர் தள்ளிவிடவில்லை.

பிறகு நியூயார்க், சிகாகோ, அரிசோனாவின் தாமிரச் சுரங்க ஊரான ஜெரோம் என்று போன இடமெல்லாம் உரிந்த பெயின்டும் கிழிந்த போஸ்டரும்தான். 1949-ல் ஜெரோமில் எடுத்த உரிந்த பெயின்ட் படம் ஒன்று மிகவும் புகழ் பெற்றது. படத்தில் இருப்பது பெயின்ட் என்று தெரிந்தும், கண் அதை நிலப்படமாகவும் கிழிந்த துணியாகவும் மாற்றி மாற்றிப் படிக்கும். இவருடைய படங்களை முதலில் கொண்டாடியவர்கள் ஓவியர்கள். 1947-ல் நியூயார்க்கில் நவீன ஓவியங்களுக்கான ஈகன் கேலரியில் அவருக்குக் கண்காட்சி நடந்தது. கறுப்புப் பெயின்டை அகலப் பிரஷ்ஷால் வெள்ளைத் துணியில் இழுத்து வரைந்த பிரான்ஸ் கிளைன் அவருடைய நண்பர். கிளைன் 1962-ல் இறந்துவிட்டார். சிஸ்கிண்ட் 1970களில் பெருவின் லிமா, மெக்சிகோவின் ஹலாபா போன்ற ஊர்களின் சுவர்களில் நண்பரின் பிரஷ் கோடுகளைத் தேடித் தேடி எடுத்து, ஒரு படத் தொடரையே அவருக்குக் காணிக்கையாக்கினார். யாரோ சுவரில் எழுதியதை இன்னொருவர் பெயின்ட் பூசி மறைத்த கறைகள் அவை. இரண்டு பேருக்குமே தாங்கள் ஓவியம் வரைகிறோம் என்று தெரிந்திருக்காது.

போட்டோ லீக் நண்பர்கள் பலருக்குச் சிஸ்கிண்டின் இந்த மாற்றம் பிடிக்கவில்லை. மனிதர்களை எடுத்துக்கொண்டிருந்தவர் சுவருக்குப் போனால் அது ஓடி ஒளிவதில்லையா என்பது அவர்கள் கட்சி. நான் அவர்களோடு உடன்படவில்லை. சுவரில் இருப்பதெல்லாம் மனிதர்கள் செய்ததுதான். ஆணி அடித்தவர், போஸ்டர் ஒட்டியவர், கிழித்தவர், வெள்ளையடித்தவர், தினமும் சாய்ந்து உட்கார்ந்து முதுகு உயரத்தில் எண்ணெய்க் கறை ஏற்றியவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். பாரிஸில் பிரஸ்ஸாய் என்ற போட்டோகிராபர் 1930களிலிருந்தே சுவர்க் கீறல்களை எடுத்துக்கொண்டிருந்தார். எந்தத் தெரு, எந்தச் சுவர் என்று நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, வருடங்கள் கழித்து அதே சுவரைப் போய்ப் பார்த்து, கீறல் எப்படி மாறியிருக்கிறது என்று மறுபடி எடுப்பார். 1956-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அந்தப் படங்களை வைத்துத் தனிக் கண்காட்சியே நடத்தியது.

இப்போது என் சுவருக்கு வருகிறேன்.

மதுரையில் எங்கள் பழைய வீடு மாசி வீதிகளுக்குள் ஒரு சந்தில் இருந்தது. வாசல் கதவுக்கு இடப்பக்கம், தெருவைப் பார்த்த சுவரில் பச்சை டிஸ்டெம்பர். அதற்கு அடியில் காவி, அதற்கும் அடியில் சுண்ணாம்பு. பல இடங்களில் மூன்றும் அடுக்கடுக்காக உரிந்திருக்கும். அந்தச் சுவரில்தான் பால்காரர் கணக்கு வைத்திருந்தார். அரை லிட்டருக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. கையில் கிடைத்த செங்கல் துண்டால் போடுவார். மாதம் முடிந்ததும் அம்மா ஈரத்துணியால் துடைப்பார், ஆனால் முழுதாகப் போகாது. பாக்கெட் பால் வந்து பால்காரர் நின்ற பிறகும் கடைசி மாதத்துக் கோடுகள் அப்படியே இருந்தன. அப்பா அதன் மேல் பெயின்ட் அடிக்க விடவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

2006-ல் ஒரு 3 மெகாபிக்சல் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். கூடவே வந்த மெமரி கார்டு 16 எம்.பி. தான். நிறையப் படம் பிடிக்க வேண்டும் என்ற பேராசையில் அளவை 640 க்கு 480 என்று குறைத்து வைத்திருந்தேன். அதாவது 31 லட்சம் புள்ளிகள் தரக்கூடிய கேமராவிடம் 3 லட்சம் புள்ளி போதும் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேமராவால் வாசல் சுவரை எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி, கிரேஸ்கேல் பட்டனை அழுத்தினேன். உரிந்த விளிம்புகளெல்லாம் பிரமாதமாக வந்தன. கண்ட்ரோல் + எஸ். பழைய பைல் மேலேயே புதியது உட்கார்ந்துகொண்டது. கார்டையும் அன்றைக்கே அழித்துவிட்டேன், மறுநாள் ஒரு கல்யாணம் இருந்தது.

2012-ல் வீடு விற்று இடிக்கப்பட்டது. அப்பா அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். வீடு போன பிறகு ஒரு நாள் அம்மா, "அந்த வாசல் சுவத்தை நீ போட்டோ புடிச்சியே, பால் கணக்கு தெரியுமே, அதை ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடுடா" என்று கேட்டார். பைலைத் திறந்தேன். சுவர் இருந்தது, உரிசல் இருந்தது, கதவின் விளிம்பு இருந்தது. கோடுகள் இல்லை. ஒரு கோடு கூட இல்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. எடுக்கும்போது கோடுகளைக் கண்ணால் பார்த்தேன், கேமராவும் பார்த்திருக்கும். பிறகு ஒரு நாள் அதே மாதிரிப் பச்சைச் சுவர் ஒன்றில் செங்கல் துண்டால் கோடு போட்டு, படம் எடுத்து, சோதித்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை பொறுமையாகப் பார்த்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு ஒரு புள்ளியின் நிறம் என்பது மூன்று எண்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இதைக் கறுப்பு வெள்ளை ஆக்க வேண்டுமானால் மூன்று எண்களை ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டும். நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைந்த வெளிச்சமாகவும் தெரிவதால், டிவி காலத்திலேயே ஒரு விகிதம் வகுத்துவிட்டார்கள். சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7 சதவீதம், நீலத்தில் 11.4 சதவீதம் எடுத்துக் கூட்டிக்கொள். இன்றும் பல சாப்ட்வேர்கள் இதே கணக்கைத்தான் போடுகின்றன. வேறு சில, விகிதத்தைச் சற்று மாற்றிப் போடும்.

என் சோதனைப் படத்தில் செங்கல் கோட்டின் மேல் ஒரு இடத்தில் கலர் பிக்கரை வைத்தேன். சிவப்பு 180, பச்சை 70, நீலம் 40. பக்கத்தில் சுவரின் மேல் வைத்தேன். சிவப்பு 60, பச்சை 120, நீலம் 90. கண்ணுக்கு ஒன்று செங்கல், இன்னொன்று பச்சை, குழந்தை கூடச் சொல்லும். மேலே சொன்ன விகிதத்தில் கூட்டிப் பாருங்கள். கோட்டுக்கு 99.47, சுவருக்கு 98.64. கம்ப்யூட்டர் முழு எண்ணாக்கினால் இரண்டும் 99. ஒரே சாம்பல். பால்காரரின் கணக்கைச் சுவரிலிருந்து துடைத்தது அம்மாவின் ஈரத்துணி அல்ல, என்னுடைய அந்த ஒரு கிளிக்.

இதே படத்தில் சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கறுப்பு வெள்ளை ஆக்கியிருந்தால், கோடு 180, சுவர் 60. கறுத்த சுவரில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று நின்றிருக்கும். பச்சை எண்ணை மட்டும் எடுத்திருந்தால் கோடு 70, சுவர் 120, அதாவது வெளிர் சுவரில் கருங்கோடு. எது வேண்டும் என்று நான் முடிவு செய்திருக்கலாம். முடிவு செய்யும் வாய்ப்பே கலர் பைலில்தான் இருக்கிறது. சாம்பல் ஆக்கி சேவ் செய்த பைலில் ஒரு புள்ளிக்கு ஒரே எண்தான். 99 எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

பிலிம் காலத்தில் கறுப்பு வெள்ளை எடுத்தவர்கள் லென்ஸ் முன்னால் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கண்ணாடிகளை மாட்டி இந்த வேலையைச் செய்தார்கள். படம் எடுக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும், தவறினால் தவறியதுதான். நமக்கு அந்தக் கண்ணாடிகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன, எடுத்து முடித்த பிறகு பத்துத் தடவை மாற்றிப் பார்க்கலாம். இந்த வசதியை ஒரே பட்டனில் தூக்கி எறிவது எனக்குச் சகிக்கவில்லை. ஆகவே போன் கேமராவில் "மோனோ" என்று இருக்கும் மோடைப் பயன்படுத்தாதீர்கள் என்பேன். எதையும் கலரிலேயே எடுங்கள். கம்ப்யூட்டருக்கு வந்ததும் "ஒரிஜினல்" என்று ஒரு போல்டர் வைத்து அதில் காப்பி செய்துவிட்டு, இன்னொரு காப்பியில் விளையாடுங்கள். விண்டோஸில் உள்ள போட்டோஸ் புரோகிராமில் எடிட் செய்தாலும், சேவ் கொடுக்காமல், காப்பியாக சேவ் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

சாப்ட்வேருக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஜிம்ப் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். அதில் கலர்ஸ் மெனுவுக்குள் மோனோ மிக்ஸர் என்று ஒரு கருவி இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஸ்லைடர்கள். ஒவ்வொன்றையும் இழுத்துக்கொண்டே சுவரைப் பாருங்கள். துரு எழுந்து வரும், அமுங்கும், நீல இங்க் போஸ்டர் வெளுக்கும், கறுக்கும். பிரிவியூவைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விடும், எச்சரித்துவிட்டேன். பிறகு லெவல்ஸ் கருவியில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் படம் திடமாக நிற்கும். சிஸ்கிண்டின் படங்களில் கறுப்பு என்பது உண்மையிலேயே கறுப்பு. நாம் பயந்துகொண்டு எல்லாவற்றையும் சாம்பலிலேயே விட்டுவிடுகிறோம்.

ஜிம்பில் இன்னொரு நல்ல குணம், 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, சேவ் கொடுத்தால் அது தன்னுடைய எக்ஸ்.சி.எப். வடிவில்தான் சேவ் செய்யும். ஜேபெக் ஆக வேண்டுமானால் எக்ஸ்போர்ட் என்று தனியாகப் போக வேண்டும். பலர் இதை எரிச்சல் என்று திட்டுவார்கள். 2006-ல் எனக்கு இந்த எரிச்சல் வாய்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், கொடுத்த எபெக்ட்டைப் பின்னால் திறந்து மாற்றவும், எடுத்துவிடவும் வழி செய்திருக்கிறார்கள். எக்ஸ்.சி.எப். ஆக வைத்திருந்தால் அடுத்த வருடம் கூட சிவப்பு ஸ்லைடரைத் திரும்ப இழுக்கலாம்.

அளவைக் குறைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 640 க்கு 480 படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் பிரிண்ட் போட்டால் சுமார் 2 அங்குல அகலம் வரும், பர்ஸில் வைக்கலாம். 4000 க்கு 3000 உள்ள 12 மெகாபிக்சல் படம் 13 அங்குல அகலத்துக்கு வரும், சுவரில் மாட்டலாம். சுவர்ப் படத்தைச் சுவரில் மாட்டுவதா என்று வீட்டில் கேட்டால் அது உங்கள் பாடு. இன்னொன்று, வெறும் வானத்தை எடுத்த ஜேபெக்கையும் சொரசொரச் சுவரை எடுத்த ஜேபெக்கையும் பக்கத்தில் வைத்து பைல் அளவைப் பாருங்கள். ஒரே மெகாபிக்சல் என்றாலும் சுவர் பைல் பெரிதாக இருக்கும். ஜேபெக் படத்தை 8 க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வழவழப்பான இடம் எளிதில் சுருங்கும், மண்ணும் கீறலும் நிறைந்த இடம் சுருங்க மறுக்கும். தரத்தைக் குறைத்துச் சுருக்கினால் முதலில் அடிபடுவது அந்த மெல்லிய கீறல்கள்தான்.

எடுக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளாஷை அணைத்துவிடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சுவர் மேல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் நேரம் பாருங்கள், உரிந்த பெயின்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். போனைச் சுவருக்கு இணையாக, சாய்க்காமல் பிடியுங்கள். ஜன்னல், கதவு, பெயர்ப் பலகை எதுவும் உள்ளே வராமல் நெருங்கிப் போங்கள். எவ்வளவு பெரிய இடம் என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும்போதுதான் சுவர் வேறு ஏதோவாக மாறத் தொடங்கும். பைலுக்குப் பெயர் வைப்பதில் சிஸ்கிண்டைப் பின்பற்றலாம். அவர் தலைப்புகள் ஊர், எண், வருடம், அவ்வளவுதான். ஐ.எம்.ஜி. என்று தொடங்கும் பதினைந்து இலக்கத்தை விட "மதுரை 12" எவ்வளவோ மேல்.

புதிய போன்கள் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்தால் பல போன்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்குகிறேன் என்று சுவரின் மண்ணையும் சேர்த்து மழுக்கிவிடுகின்றன. முகத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். சுவருக்குப் பவுடர் பூசியது போல ஆகிவிடும். உங்கள் போனில் புரோ மோடும், ரா என்ற பைல் வகையும் இருந்தால் சுவருக்கு மட்டுமாவது அதைப் பயன்படுத்துங்கள். மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று செயற்கை நுண்ணறிவை வைத்து வரைந்து தரும் வசதிகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை தரும் விரிசல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தச் சுவரில் அது இருந்திராது. என் 2006 பைலை அப்படி ஒன்றிடம் கொடுத்து, "பச்சைச் சுவர், செங்கல் கோடுகள்" என்று சொன்னால் கோடு போட்டுத் தந்துவிடும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தரும்தான். எத்தனை கோடு போடும்? அந்த மாதம் எத்தனை லிட்டர் வாங்கினோம் என்று அதற்கு யார் சொன்னது?

போன மாதம் அந்த பைலை மறுபடி திறந்தேன். லெவல்ஸில் இரண்டு முனைகளையும் 99-க்குப் பக்கத்தில் நெருக்கிக் கொண்டுவந்து, இருக்கிற கொஞ்சநஞ்ச வித்தியாசத்தை இழுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஜேபெக் கட்டங்கள்தான் சதுரம் சதுரமாக வந்தன. கதவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு இடத்தில் மங்கலாக, சற்றுச் சாய்வாக ஏதோ ஒன்று தெரிந்தது. ஐந்தாவது குறுக்குக் கோடாக இருக்குமோ என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார்.

"இது கோடு இல்லடா, பல்லி. அங்கதான் எப்பவும் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார். பிறகு, "சரி, இதையே ஒரு பிரிண்ட் போட்டுக் குடு" என்றார்.